‘கெட்’ எங்கே சிக்குகிறது: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

திருகோணமலை உவர்மலையில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வேலை செய்பவர்கள், புறாத் தீவுக்குப் படகு ஓட்டுபவர்கள், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், வெளிநாடு போக ஆயத்தமாகிறவர்கள் என்று எல்லாத் தரப்பினரும் வருவார்கள். யார் வந்தாலும் நான் திரும்பத் திரும்பத் திருத்துவது ஒரே சொல்லைத்தான்: கெட். பெரிய சொல் வந்தால் அகராதியைப் புரட்டுகிறோம். இந்தச் சின்னச் சொல் தெரிந்ததுதானே என்று தாண்டிப் போகிறோம். பிழை அங்கேதான் குடியிருக்கிறது.

இதை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கத் தேவையில்லை. உங்களுக்கு எங்கே இடிக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் உடனே சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வரும், நாள்பட்ட பழக்கத்தை மாற்றக் கேட்கும் காரணம் பின்னால் வரும். ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

எந்தச் சிக்கலானாலும் முதற்சோதனை

கெட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அதற்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள். பொருளை முடிவு செய்வது அந்த அடுத்த சொல்தான்.

- பொருளின் பெயர் நின்றால்: வாங்கு, கிடை, எடுத்து வா.
- தன்மையைச் சொல்லும் சொல் நின்றால்: ஆகு.
- இடம் நின்றால்: போய்ச் சேர்.
- அப், ஓஃப், ஓவர் போன்ற ஒட்டுச் சொல் நின்றால்: இரண்டையும் சேர்த்து ஒரே வினையாக எடுக்க வேண்டும்.
- ‘டு’வும் வினையும் நின்றால்: வாய்ப்பு அல்லது கட்டாயம்.
- வினையின் மூன்றாம் வடிவம் (கட், ஸ்டோலன் போன்றது) நேரே நின்றால்: ஏதோ நடந்துவிட்டது. பொருளின் பெயருக்குப் பின்னால் நின்றால்: பிறரைக் கொண்டு செய்வித்தாயிற்று.

பாதிப் பிழை இந்த ஒரு சோதனையிலேயே தீர்ந்துவிடும். தீராதவற்றுக்குத்தான் கீழே உள்ளவை.

அறிகுறி: எல்லாச் சொல்லும் தெரியும், ஆனால் வாக்கியத்துக்குப் பொருள் வரவில்லை

கெட் என்றால் ‘பெறு’ என்று கொப்பியில் எழுதிப் படித்தது மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பொருளை எல்லா இடத்திலும் திணித்தால் வாக்கியம் உடையும்.

முதலில், அடுத்த சொல் தன்மையைச் சொல்கிறதா என்று பாருங்கள். “த சீ இஸ் கெட்டிங் ரஃப்” என்றால் கடல் கொந்தளிக்கத் தொடங்குகிறது. “இட்ஸ் கெட்டிங் டார்க்” என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. “ஐ கொட் வெட்” என்றால் நனைந்துபோனேன். இதில் எதையும் யாரும் யாரிடமும் பெறவில்லை, நிலை மாறுகிறது, அவ்வளவுதான்.

அப்படி இல்லையென்றால் இடமா என்று பாருங்கள். “ஹவ் டு ஐ கெட் டு கன்னியா?” என்று வெந்நீரூற்றுக்குப் போகிறவர் கேட்பது வழியை. “வென் டஸ் திஸ் பஸ் கெட் டு மூதூர்?” என்பது பஸ் போய்ச் சேரும் நேரத்தை, புறப்படும் நேரத்தை அல்ல. பஸ் நிலையத்தில் இந்தக் கேள்விக்குப் புறப்படும் நேரத்தைச் சொல்லி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. இந்த இடத்தில் ஒரு கிளைப்பிழையும் உண்டு. ஹோம், ஹியர், தெயர் மூன்றுக்கும் முன்னால் ‘டு’ வராது. “கெட் டு ஹோம்” பிழை, “கெட் ஹோம்” சரி.

பொருளின் பெயர் நின்றால், அந்தப் பொருள் யாரிடமிருந்து யாரிடம் நகர்கிறது என்று கேளுங்கள். கடையிலிருந்து என்றால் வாங்குதல். தானாக வந்து சேர்ந்தது என்றால் கிடைத்தல். அங்கே இருப்பதை இங்கே கொண்டுவருவது என்றால் எடுத்து வருதல். “கேன் யூ கெட் மீ அ த்ரீவீலர்?” என்று விருந்தினர் கேட்டால், ஓட்டோ ஒன்றைப் பிடித்துத் தரச் சொல்கிறார்.

அடுத்து நிற்பது ‘இட்’ என்றால் புரிந்துகொள்ளுதலாக இருக்கலாம். “ஐ டோன்ட் கெட் இட்” என்றால் எனக்கு விளங்கவில்லை. தொலைபேசியில் “டிட் யூ கெட் தட்?” என்றால் காதில் விழுந்ததா, விளங்கியதா என்று இரண்டையும் சேர்த்துக் கேட்பது. ‘யெஸ்’ என்று சொல்லி விடாமல், கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிடுங்கள். அறை எண்ணும் நேரமும் மாறிப்போகாது.

அறிகுறி: நீங்கள் சொல்லும் வாக்கியம் தலைகீழாக விழுகிறது

“ஜொப் கொட் டு மீ.” “டு மீ ஃபீவர் கொட்.” புதிதாக வருகிறவர்களின் கொப்பியில் இந்த அச்சைத்தான் அதிகம் காண்கிறேன். காரணம் நம் பேச்சிலேயே இருக்கிறது. ‘எனக்கு வேலை கிடைத்தது’, ‘எனக்குக் காய்ச்சல் வந்தது’ என்று சொல்லும்போது வேலையும் காய்ச்சலும்தான் எழுவாய், ‘நான்’ என்பது ‘எனக்கு’ ஆகி ஓரமாக நிற்கிறது. கெட் அப்படி நிற்க விடாது. ஆளை முன்னால் கொண்டுவர வேண்டும்: “ஐ கொட் அ ஜொப்”, “ஐ கொட் அ ஃபீவர்.”

சரிபார்க்கும் வழி: தமிழில் ‘எனக்கு, அவருக்கு, பிள்ளைக்கு’ என்று தொடங்கினால், ஆங்கிலத்தில் அதே ஆள் முதலில் வந்திருக்கிறாரா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

ஆளை முன்னால் வைத்தும் சரியாக விழவில்லை என்றால், அடுத்த சொல்லின் வகை மாறியிருக்கும். ‘எனக்குக் கோபம் வந்தது’ என்பதில் கோபம் ஒரு பெயர். அதை அப்படியே எடுத்து “ஐ கொட் ஆங்கர்” என்கிறோம். கெட்டுக்குப் பின்னால் அங்கே தன்மைச் சொல் நிற்க வேண்டும்: “ஐ கொட் ஆங்ரி.” பசிக்கு “ஹங்ரி”, களைப்புக்கு “டயர்ட்”. கல்யாணத்துக்கு “ஐ கொட் மேரேஜ்” இல்லை, “ஐ கொட் மேரிட்”. யாரைக் கட்டினீர்கள் என்று சொல்ல ‘டு’ போட வேண்டும், ‘வித்’ அல்ல. நோய்ப் பெயர்கள் மட்டும் பெயராகவே நிற்கும்: “கொட் அ கோல்ட்”, “கொட் டெங்கு”.

இன்னொரு கிளையும் இருக்கிறது, இது கொஞ்சம் ஆழமானது. ‘ஆகு’ என்பதற்குக் கெட் வரும் என்று தெரிந்துகொண்ட பிறகு, ‘அவள் ஆசிரியை ஆனாள்’ என்பதை “ஷி கொட் அ டீச்சர்” என்று எழுதிவிடுகிறார்கள். பெயர்ச்சொல் நிற்பதால் அது ‘அவளுக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார்’ என்று மாறிவிடுகிறது. தொழில், பதவி, உறவு இவற்றுக்கு ‘பிகம்’ தான்: “ஷி பிகேம் அ டீச்சர்.” முதற்சோதனையை மறக்காதவருக்கு இந்தப் பிழை வராது.

அறிகுறி: இறங்கச் சொன்னால் பயணி குனிகிறார்

இதற்கு நிறைய இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இது தொழிலோடு சேர்ந்த சிக்கல்.

நிலாவெளிக் கரையிலிருந்து புறாத் தீவு கிட்டத்தான். படகின் முன்பக்கம் மணலில் முட்டியதும் ஓட்டுகிற தம்பி “கெட் டவுன், கெட் டவுன்” என்கிறார். எங்கள் ஆட்களாக இருந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். இங்கிலாந்திலிருந்து வந்தவர் சட்டென்று தலையைத் தாழ்த்தி, இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறார். அவருடைய காதில் விழுந்தது ‘குனி, ஆபத்து’ என்பது.

இதில் பிழையாளி யாருமில்லை. இறங்குவதற்குக் கெட் டவுன் என்பது இலங்கையிலும் இந்தியாவிலும் நெடுங்காலமாக வழங்கும் ஆங்கிலம். நமக்குள் பேசும்போது அதை மாற்றச் சொல்ல மாட்டேன். மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்கும்போது எல்லா நாட்டு ஆங்கிலத்திலும் அது சரியே. ஆனால் வாகனத்திலிருந்து இறங்கவென்று வெளியூராரிடம் சொன்னால், உடம்பைத் தாழ்த்தச் சொல்வதாகத்தான் எடுப்பார்கள்.

திருத்தம் இதுதான். எழுந்து நடக்கக்கூடிய வாகனம், அல்லது மேலே ஏறி உட்காரும் வாகனம் என்றால் ஏறுவது ‘கெட் ஒன்’, இறங்குவது ‘கெட் ஓஃப்’. பஸ், ரயில், விமானம், கப்பல், சைக்கிள், மோட்டார் சைக்கிள் எல்லாம் இதில் அடங்கும். உள்ளே நுழைந்து உட்கார்ந்தால் எழும்ப முடியாத வாகனம் என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. கார், வான், ஓட்டோ இவை. சின்ன ஃபைபர் படகுக்கும் ‘கெட் இன், கெட் அவுட்’ பொருந்தும். இறங்குவதற்கு ‘கெட் ஓஃப்’ என்றாலும் யாரும் குழம்ப மாட்டார்கள்.

எச்சரிக்கை ஒன்று. ‘கெட் அவுட்’ மட்டும் தனியாக உரத்துச் சொன்னால் ‘வெளியே போ’ என்று விரட்டுவதாகிவிடும். “யூ கேன் கெட் அவுட் ஹியர்” என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

படகுக்காரருக்கு இன்னொரு திருத்தம், இது பாதுகாப்புக்கானது. அலை தூக்கும்போது ஆட்களை உட்கார வைக்க “கெட் டவுன்” என்று கத்தாதீர்கள். வெளிநாட்டவர் குனிவார், உள்ளூர்க் குடும்பம் இறங்க எழும்பும். ஒரே படகில் இரண்டும் நடந்தால் படகு சரியும். “சிட் டவுன், ஹோல்ட் ஒன்” என்றால் எல்லாருக்கும் ஒரே பொருள்.

ரயிலுக்கு வந்தால், கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையும் திருகோணமலைப் பாதையும் பிரிகின்றன. அங்கே மாறி ஏற வேண்டியவருக்கு “கெட் ஓஃப் அட் கல்ஓயா, தென் கெட் ஒன் த மட்டக்களப்பு ட்ரெயின்” என்று சொன்னால் போதும்.

கெட் டவுனுக்கு நம் நாட்டில் இன்னொரு பொருளும் வழங்குகிறது: வரவழைத்தல். “வி கொட் டவுன் த ஸ்பெயார் பார்ட் ஃப்ரொம் கொலம்போ” என்று கடைக்காரர் சொன்னால் நமக்கு விளங்கும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது “வி ஓர்டர்ட் இட் ஃப்ரொம் கொலம்போ” என்று மாற்றுங்கள். எதிர்ப்பக்கமாக, “திஸ் வெதர் கெட்ஸ் மீ டவுன்” என்று அவர்கள் சொன்னால், இந்தக் காலநிலை என்னைச் சோர்வடைய வைக்கிறது என்று அர்த்தம். வாடைக் காலத்தில் வந்து மழைக்குள் அகப்பட்டவர்களிடம் கேட்கலாம்.

அறிகுறி: “நீங்களேயா வெட்டினீர்கள்?” என்று கேட்கிறார்கள்

தமிழில் ‘நேற்றுத் தலைமயிர் வெட்டினேன்’ என்றால் சலூனுக்குப் போனேன் என்று எல்லாருக்கும் தெரியும். ‘பல்லுப் புடுங்கினேன்’ என்றால் பல் வைத்தியரிடம் போனேன் என்று தெரியும். ஆங்கிலத்தில் “ஐ புல்ட் அவுட் மை டூத்” என்றால் நானே குறடு பிடித்ததாக ஆகிவிடும்.

சோதனை: வேலையைச் செய்தது யாருடைய கை? உங்கள் கை இல்லையென்றால் கெட் வேண்டும்.

அச்சு இது: கெட், பிறகு பொருள், பிறகு மூன்றாம் வடிவம். “ஐ கொட் மை ஹெயார் கட்.” “ஐ கொட் மை பைக் ரிபெயார்ட்.” “ஐ மஸ்ட் கெட் மை ஐஸ் டெஸ்டட்.” இதில் பொதுவாக உடைவது வரிசை. “ஐ கொட் ரிபெயார்ட் மை பைக்” என்று வினையை முன்னால் தள்ளிவிடுகிறோம். பொருள் நடுவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

வீடு கட்டுவதில் மட்டும் ஆங்கிலமும் நம்மைப் போலத் தாராளமாக இருக்கிறது. மேசன் வைத்துக் கட்டியிருந்தாலும் “வி பில்ட் அ ஹவுஸ்” என்று சொல்லலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மயிர், பல், கண், வண்டி, கைப்பேசி போன்றவற்றில்தான் கவனம் தேவை.

*செய்தவரைப் பெயர் சொல்ல வேண்டுமென்றால்:* அச்சு மாறும். கெட், ஆள், டு, வினை. “ஐ கொட் மை ப்ரதர் டு ஃபிக்ஸ் த எஞ்ஜின்.” இதற்குள் ‘சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்’ என்ற சாயலும் இருக்கிறது. இந்த ‘டு’ அடிக்கடி காணாமல் போகும், ஏனென்றால் ‘மேக்’, ‘லெட்’ இரண்டுக்கும் ‘டு’ கிடையாது: “ஐ மேட் ஹிம் ஃபிக்ஸ் இட்.” மூன்றையும் ஒன்றாகப் படித்தால் கலந்துவிடும். கெட்டை மட்டும் ஒரு கிழமைக்குத் தனியாகப் பழகுங்கள்.

*ஏதாவது இயங்க வைத்தால்:* “கெட் த எஞ்ஜின் ரன்னிங்” என்றால் எஞ்சினைக் கிளப்பு. “கெட் த சில்ட்ரன் ரெடி” என்றால் பிள்ளைகளை வெளிக்கிடுத்து. பொருள் நடுவில் நிற்பது இங்கும் மாறாது.

*களவு, விபத்து என்றால்:* இங்கே அவசரப்பட வேண்டாம். “ஐ கொட் ஸ்டோலன்” என்றால் உங்களையே யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். “மை ஃபோன் கொட் ஸ்டோலன்” சரி. “ஐ கொட் மை ஃபோன் ஸ்டோலன்” என்பதும் இலக்கணப்படி சரியே, ஆனால் அது “ஐ கொட் மை ஹெயார் கட்” என்பதன் அதே அச்சு. நீங்களே திட்டமிட்டுத் திருடுவித்தது போல ஒருவர் வாசிக்க இடம் இருக்கிறது. காப்புறுதிக்கும் முறைப்பாட்டுக்கும் கெட்டையே எடுத்துவிட்டு “மை ஃபோன் வோஸ் ஸ்டோலன்” என்று எழுதுங்கள். பொலிஸ் முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுங்கள். ஆங்கிலப் பிரதி தேவைப்பட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போங்கள். அந்த இடத்தில் சொந்த ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

அறிகுறி: கட்டாயமா வாய்ப்பா என்று தெரியவில்லை

“ஐ கொட் டு சீ த வேல்ஸ்.” “ஐவ் கொட் டு சீ த வேல்ஸ்.” இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு ‘வ்’ ஒலி மட்டுமே. முதலாவது, திமிங்கிலங்களைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. இரண்டாவது, பார்த்தே ஆக வேண்டும். திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலமும் விந்துத் திமிங்கிலமும் வருவதால், படகுத் துறையில் இந்த இரண்டு வாக்கியமும் காதில் விழும்.

வேகமாகப் பேசும்போது அந்த ‘வ்’ கரைந்துவிடுகிறது. காதை நம்பாதீர்கள். காலம் காட்டும் சொல்லைத் தேடுங்கள். நேற்று, போன கிழமை என்று வந்தால் வாய்ப்பு. நாளை, இப்போது, போவதற்குமுன் என்று வந்தால் கட்டாயம். காலச் சொல்லே இல்லையென்றால் “டிட் யூ சீ தெம்?” என்று திருப்பிக் கேளுங்கள். கேட்பதில் குறைவு எதுவுமில்லை.

நீங்கள் பேசும்போது கட்டாயத்துக்கு ‘ஹேவ் டு’ போடுங்கள், இறந்த காலத்தில் ‘ஹேட் டு’. “யெஸ்டர்டே ஐ கொட் டு வோர்க்” என்றால் வேலை செய்யும் பாக்கியம் கிடைத்ததாக விழும். இரவு முழுக்க நின்று களைத்தவர் சொல்ல நினைத்தது அதுவாக இருக்காது.

இதன் பக்கத்தில் ‘கெட் யூஸ்ட் டு’ இருக்கிறது, பழகிப்போதல். அதன் பின் வரும் வினைக்கு ‘இங்’ கட்டாயம்: “ஐ கொட் யூஸ்ட் டு வேக்கிங் எர்லி.” கெட்டை எடுத்துவிட்டால் “ஐ யூஸ்ட் டு வேக் எர்லி” ஆகும். முன்பு அப்படி எழும்புவேன், இப்போது இல்லை என்று பொருள் அடியோடு மாறும்.

அறிகுறி: கொட், ஹேவ் கொட், கொட்டன் மூன்றும் குழம்புகின்றன

“ஐவ் கொட் டூ ப்ரதர்ஸ்” என்றால் இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள். இது பிரித்தானியப் பேச்சில் அதிகம் வரும். “ஐ ஹேவ் டூ ப்ரதர்ஸ்” என்றாலும் அதேதான், அதுவே எங்கும் பாதுகாப்பு. “ஐ ஆம் கெட்டிங் டூ ப்ரதர்ஸ்” என்று சொன்னால் இனித்தான் வரப்போகிறார்கள் என்றாகும். கொட்டன் அமெரிக்க வழக்கு, மூன்றாம் வடிவம். ‘இருக்கிறது’ என்ற பொருளில் அமெரிக்கர்களும் அதைப் போடுவதில்லை. ‘கிடைத்திருக்கிறது, ஆகியிருக்கிறது’ என்பதற்கு மட்டுமே போடுவார்கள். பரீட்சைக்கு எழுதும் பிள்ளைகள் கொட் என்ற ஒன்றையே மூன்றாம் வடிவமாக வைத்துக்கொள்ளுங்கள், நம் பாடப் புத்தகங்களின் வழக்கும் அதுதான்.

அறிகுறி: “ஐ கொட் லேட்” என்றதும் திருத்துகிறார்கள்

ஆள் பிந்தினால் “ஐ வோஸ் லேட்” அல்லது “ஐ ஆம் லேட்”. நேரம் போய்க்கொண்டிருந்தால் “இட்ஸ் கெட்டிங் லேட்”. நம் நாட்டில் “ஐ கொட் லேட்” புழக்கத்தில் இருக்கிறது, நேர்முகத் தேர்வில் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அறிகுறி: ஒட்டுச் சொல் மாறினால் வேறொரு உலகம்

கெட் அப், கெட் ஓவர், கெட் த்ரூ, கெட் பை, கெட் அலோங். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவ்வளவு உழைப்பும் ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடுகிறது. ஒரு கிழமைக்கு ஒன்று எடுத்து, உங்கள் வாழ்க்கையிலேயே நடந்த ஒரு விஷயத்தை அதில் சொல்லுங்கள், அது நிற்கும்.

முதலில் சரிபார்க்க வேண்டியவை, வேலைக்குப் போகிறவர்களை நேராகத் தாக்குபவை:

‘கெட் பேக் டு யூ’. வேலைக்கு விண்ணப்பித்தவரிடம் “வி வில் கெட் பேக் டு யூ” என்றால், முடிவைப் பிறகு அறிவிப்போம் என்று பொருள். ‘திரும்பி வருகிறோம்’ என்று எடுத்து வரவேற்பறைக் கதிரையிலேயே மத்தியானம்வரை காத்திருந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டு, எப்போது அறிவிப்பார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

‘கெட் லொஸ்ட்’. “வி கொட் லொஸ்ட்” என்றால் வழி தவறிவிட்டோம், உதவி கேட்கிறார்கள். “கெட் லொஸ்ட்” என்று தனியாகச் சொன்னால் ‘தொலைந்து போ’ என்ற வசை. முன்னதைக் கேட்டால் வழி காட்டுங்கள், பின்னதை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

‘கெட் அப்’. நம் ‘எழும்பு’ கண் விழிப்பதையும் படுக்கையை விட்டு எழுவதையும் ஒன்றாகச் சொல்கிறது. ஆங்கிலத்தில் விழிப்பது ‘வேக் அப்’, பாயை விட்டு எழுவது ‘கெட் அப்’. ஐந்து மணிக்கு விழித்து ஆறு மணிவரை படுத்திருந்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

‘கெட் ஓவர்’ நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீள்வது. “ஷி இஸ் கெட்டிங் ஓவர் த ஃபீவர்” என்றால் காய்ச்சல் மாறிக்கொண்டு வருகிறது. ஆனால் துக்கத்தில் இருப்பவரிடம் “கெட் ஓவர் இட்” என்று ஏவலாகச் சொல்லக் கூடாது, ‘போதும், விடு’ என்று தள்ளுவதாக விழும். ‘கெட் த்ரூ’ என்றால் தொலைபேசியில் தொடர்பு கிடைப்பது, அல்லது ஒரு கஷ்டத்தைத் தாண்டி வருவது. ‘கெட் பை’ இருப்பதை வைத்துச் சமாளிப்பது. ‘கெட் அலோங்’ ஒத்துப்போவது.

இவை தெரிந்தும் வாக்கியம் சரியாக விழவில்லை என்றால் ‘இட்’ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். திரும்பப் பெறுவது “கெட் இட் பேக்”, நடுவில். மீள்வது “கெட் ஓவர் இட்”, கடைசியில். இதற்கு எளிய விதி சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. ஒவ்வொன்றையும் ‘இட்’டோடு சேர்த்தே படித்துவிடுங்கள், பிறகு தேட வேண்டி வராது. கற்பவர்களுக்கென்று தயாரித்த அகராதியை எடுங்கள். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டிலும் கைப்பேசியிலேயே இலவசமாகப் பார்க்கலாம். அவற்றில் ஒவ்வொரு பொருளுக்கும் கெட்டுக்கு அடுத்து என்ன நிற்கும் என்ற அச்சும் எடுத்துக்காட்டும் சேர்ந்தே இருக்கும். தமிழ்ப் பொருள் மட்டும் தரும் சிறிய அகராதி இந்தச் சொல்லுக்கு உதவாது.

அறிகுறி: பேச்சில் சரி, கடிதத்தில் மட்டும் சிவப்பு மை

கெட் பேச்சுக்குரியது. அலுவலகக் கடிதத்திலும் கட்டுரையிலும் அது நிறைய வந்தால் பிழை இல்லாவிட்டாலும் மட்டாகத் தெரியும். எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு கெட்டையும் வட்டமிட்டு, இடத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். கடிதம் கிடைத்தது ‘ரிசீவ்’, அனுமதி பெற்றது ‘ஒப்டெய்ன்’, ஆனது ‘பிகம்’, போய்ச் சேர்ந்தது ‘அரைவ்’, வாங்கியது ‘பை’. “ஐ கொட் யுவர் லெட்டர்” என்பது “ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர்” ஆகட்டும்.

மாற்ற முடியாத இடத்தில் விட்டுவிடுங்கள். “கெட் மேரிட்” போன்றவை கடிதத்திலும் நிற்கலாம். நண்பருக்கு எழுதும் வட்ஸ்அப் செய்தியில் எல்லாவற்றையும் ‘ஒப்டெய்ன்’ ஆக்கினால் அது விறைத்துப்போய் நிற்கும், அங்கே கெட் தான் அழகு.

எந்த இடத்தில் ஆசிரியரிடமோ மொழிபெயர்ப்பாளரிடமோ போக வேண்டும்

மேலே உள்ள சோதனைகளைச் செய்தும் அதே பிழை மூன்று நான்கு கிழமையாகத் திரும்பி வருகிறது என்றால், காரணம் கெட் அல்ல. பெரும்பாலும் மூன்றாம் வடிவம் கைவரவில்லை, அல்லது காலங்கள் குழம்பிக் கிடக்கின்றன. அதைத் தனியாக உட்கார்ந்து திருத்துவது கடினம். பக்கத்தில் இருந்து கேட்டு உடனுக்குடன் நிறுத்தித் திருத்தும் ஒருவர் வேண்டும். வகுப்புக்குப் போகும்போது நீங்கள் பிழைவிட்ட வாக்கியங்களை எழுதிக்கொண்டு போங்கள், ஆசிரியர் தொடங்க வேண்டிய இடம் உடனே தெரியும்.

வைத்தியசாலையில் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பில் “இஃப் யூ கெட் வோர்ஸ்”, “இஃப் த பெய்ன் கெட்ஸ் பேட்” என்று இருந்தால் அது ‘கூடினால், மோசமானால்’ என்பதுதான். ஆனாலும் ஊகத்தில் விடாமல் தாதியரிடம் தமிழில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். விசா விண்ணப்பத்தோடு கொடுக்கும் ஆவணம், நீதிமன்ற ஆவணம், வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் இவற்றை மொழிபெயர்க்க வேண்டுமென்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போங்கள். ஒப்பந்தத்தில் “வில் கெட் பெய்ட்” என்று ஒரு வரி இருந்தால், யார், எவ்வளவு, எந்தத் திகதியில் கொடுப்பார்கள் என்பது அந்த வரியிலேயே இருக்கிறதா என்று அவரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.